மிதித்தால் மட்டும் போதுமா?

பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது பெரியோர் வாக்கு. அவ்விரு மாதங்களும் கழிந்து மார்கழி பிறக்கும் வேளையில் நம் பள்ளியின் சைக்கிள் கொட்டகையைச் சற்று நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். செயின்கள் எல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கும். பிரேக்கைப் பிடித்தால் கிறீச்சென்று ஓசை வருமே தவிர வண்டி நிற்காது. சில வண்டிகளின் மட்கார்டைச் சணல் கயிறு தாங்கி நிற்கும். ஆனால் அதே வண்டிகளின் முன்கூடையில் புத்தம் புதிய பிளாஸ்டிக் பூக்கள்! கைப்பிடியில் வண்ணக் குஞ்சங்கள்! சைக்கிளை அலங்கரிக்கத் தெரிந்த நமக்கு அதைச் சீர்செய்யத் தெரியாமல் போனது ஏன்? இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பலமுறை விவாதித்திருக்கிறோம். அந்த விவாதத்தில் நாங்கள் கண்ட முடிவையே இங்கு பெற்றோர்கள், அருட்சகோதரிகள், அன்புத் தோழியர் ஆகிய உங்கள் எல்லோர் முன்னும் வைக்கிறோம்.

எங்கள் கருத்து இதுதான்: அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை வரும்போது, சைக்கிளில் வரும் ஒவ்வொரு மாணவியும் தன் வண்டியைத் தன் கையாலேயே துடைத்து, எண்ணெயிட்டு, தேய்ந்த பாகங்களை மாற்ற வேண்டும். மாற்றுவதை முன்னிருந்ததைவிட மேலானதாக மாற்ற வேண்டும். இதை அண்ணனோ தம்பியோ செய்யட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

குளிர் நாடுகளில் இது வழக்கமாகவே இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் சாலைகளில் பனி உறைந்து வழுக்காமல் இருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் செயினையும் ரிம்மையும் அரித்துவிடும். ஆகையால் அங்குள்ள சைக்கிள் பிரியர்கள் பலர் தங்கள் நல்ல வண்டியை அக்காலத்தில் வீட்டுக்குள் நிறுத்தி, பகுதி பகுதியாகப் பிரித்து, தேய்ந்ததை அகற்றி, சிறந்த பாகங்களைப் பொருத்துகிறார்கள். வசந்தம் வரும்போது வண்டி முன்னைவிட நல்லதாக வெளியே வருகிறது.

நம் தூத்துக்குடி பனிமய மாதாவின் ஊர். ஆயினும் உறைபனியை நாம் படத்தில்தான் கண்டிருக்கிறோம். ஆனால் உப்புக்கு நமக்கு என்ன குறை? அதைச் சாலையில் எவரும் தூவ வேண்டியதில்லை. கடற்காற்றே கொண்டுவந்து நம் சைக்கிள் மீது பூசிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளங்களில்கூட உற்பத்தி நின்றுவிடும். அளங்களுக்கே ஓய்வு கிடைக்கும் அந்த மாதங்களில் நம் சைக்கிளுக்கு மட்டும் ஓய்வில்லை. மழையில் நனைந்து வந்து கொட்டகையில் நிற்கிறது. நனைந்தபடியே திரும்பிப் போகிறது. ஆகவே மழை ஓய்ந்த டிசம்பர் விடுமுறையே நமக்கு ஏற்ற காலம்.

சைக்கிள் வேலை ஓய்ந்திருக்கும் காலத்தைப் பொன்போலப் பயன்படுத்திய இருவரை இங்கு நினைவுகூர வேண்டும். அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரில் 1892இல் சைக்கிள் கடை தொடங்கிய ரைட் சகோதரர்களே அவர்கள். கோடையில் சைக்கிள் விற்றுப் பழுதும் பார்ப்பார்கள். வியாபாரம் தணிந்த மாதங்களில் பறக்கும் கருவிகளை ஆராய்வார்கள். 1901ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் தங்கள் கடையிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றைச் செய்து, சிறு சிறு இறக்கைகளை அதில் வைத்துச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17இல் பறந்த அவர்களது விமானத்தில் எஞ்சினிலிருந்து விசிறிகளுக்குச் சக்தியைக் கொண்டுசென்றவை செயினும் பல்சக்கரமுமே!

இவ்வளவும் பாடப்புத்தகம் படித்தவர்க்குத் தெரிந்திருக்கலாம். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அச்சகோதரர்களின் தந்தை ஒரு சபையின் பிஷப். கருவிகளைக் கையாளும் திறமை அவருக்கு இல்லை. தாயார் சூசன் வண்டி செய்பவர் ஒருவரின் மகள். வீட்டுக்கு வேண்டிய சிறு சாதனங்களையும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களையும் தாமே செய்வார். யந்திர விஷயத்தில் ஐயம் எழுந்தால் பிள்ளைகள் தாயிடம்தான் போய்க் கேட்டார்களாம். உலகத்துக்கு விமானத்தைத் தந்த கைகளுக்கு முதற்பாடம் சொல்லித் தந்தது ஒரு தாயின் கை! ‘பெண்ணுக்கும் ஸ்பானருக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

சைக்கிளுக்கும் பெண்கள் முன்னேற்றத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி 1895இல் திருமணம் முடிந்ததும் கணவருடன் பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்தது சைக்கிளில்தான். அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அதற்கு ஒரு காரணம். அழகைப் பார்க்காமல் தங்கள் வேலைக்கு எது ஏற்றதோ அதைத் தேர்ந்துகொண்ட அந்தத் தாய்மார்களின் அறிவை என்னென்பது! குஞ்சத்துக்கும் பூவுக்கும் காசு கொடுக்கும் நாம் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

‘சைக்கிள் பழுது பார்ப்பது அவ்வளவு பெரிய விஷயமா?’ என்று சிலர் நினைக்கலாம். பெரிய விஷயம்தான். பையன்களின் வண்டி கெட்டால் அன்றே சரியாகிவிடுகிறது. பெண்பிள்ளையின் வண்டி கெட்டால் ‘ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்கிறார்கள். ஞாயிறு வரும்வரை என்ன செய்வது? முதலில் மாலைச் சிறப்பு வகுப்பு நிற்கும். பிறகு காலை வகுப்புக்குத் தாமதமாகும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சென்ற கார்த்திகையில் இப்படித்தான் நேர்ந்தது. மழையில் நனைந்த வண்டியில் பெடல் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. தந்தை வெளியூரில் வேலையாக இருந்தார். தெருக்கோடிக் கடையும் மழையினால் பூட்டிக் கிடந்தது. நான்கு நாட்கள் கணிதச் சிறப்பு வகுப்பு அவளுக்கு இல்லாமல் போயிற்று. ஐந்தாம் நாள் கடைக்காரர் பார்த்தபோது, ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சிறு கொக்கிகள் துருவும் அழுக்கும் ஏறி ஒட்டிக்கொண்டது தெரிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுழற்றி அழுக்கை வெளியேற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். வண்டி ஓடியது! அரைமணி நேர வேலை தெரியாமல் நான்கு நாள் பாடம் போனது. அவளைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அந்த அரைமணி நேர வேலையை அவளுக்கோ நமக்கோ எவரும் கற்றுத்தரவில்லை என்பதே எங்கள் முறையீடு.

இனி எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு மாற்றுவது என்பதைப் பார்ப்போம். எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில் வாங்க எந்தப் பெற்றோரிடமும் பணம் குவிந்து கிடக்கவில்லை. ஆகவே வரிசை முக்கியம். வண்டியை நிறுத்துவது முதலில், தரையைப் பற்றுவது இரண்டாவது, இருட்டில் நம்மைப் பிறருக்குக் காட்டுவது மூன்றாவது, எளிதாக ஓடச் செய்வது நான்காவது, அழகு கடைசியில். நம்மில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்!

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். பழைய வண்டிகளின் ரிம் குரோமியம் பூசிய இரும்பினால் ஆனது. உலர்ந்திருக்கும்போது பிரேக் கட்டை அதை நன்றாகப் பற்றும். மழையில் நனைந்தாலோ வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம்மில் ஈரத்திலும் பிடிப்பு அதிகம், எடை குறைவு, செந்துருவும் ஏறாது. வசதி உள்ளவர்கள் பின் ரிம்மும் முன் ரிம்மும் பழுதாகும்போது மீண்டும் இரும்பு ரிம்மையே வாங்காமல் அலுமினிய ரிம் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவு முடியாதவர்கள் பிரேக் கட்டைகளையாவது புதிதாக்க வேண்டும். கேபிள் பிரேக் உள்ள வண்டியில் புதிய கட்டை ரிம்மின் பக்கத்தில் மட்டும் பட வேண்டும். மேலே ஏறினால் டயரை அறுத்துவிடும். கீழே இறங்கினால் ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கும். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் ‘இன்னும் பல இழைகள் இருக்கின்றனவே’ என்று காத்திருக்கக் கூடாது. மழையில் வரும்போது, நிறுத்த வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மிலுள்ள நீரைத் துடைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம்.

அடுத்தது டயர். டயரின் நடுவிலுள்ள கோடுகள் மறைந்து வழவழவென்று ஆகிவிட்டாலும், பக்கத்தில் நூல் தெரிந்தாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். புதிய டயர் வாங்கும்போது ‘26 அங்குலம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. 26 × 1⅜ என்று ஓர் அளவு உண்டு; 26 × 1.75 என்று வேறோர் அளவும் உண்டு. இரண்டுக்கும் பெயர் 26தான். ஆனால் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் முதலாவதில் 590 மில்லிமீட்டர், இரண்டாவதில் 559 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிஞ்சும். எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதும் அந்த டயரிலேயே எழுதியிருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை!

மார்கழியில் மாலையில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பும் நமக்குப் பின்னால் லாரிகளும் பஸ்களும் வருகின்றன. பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடல்களில் மஞ்சள் ரிஃப்ளெக்டர், முன்னால் ஒரு விளக்கு ஆகியவை இருக்க வேண்டும். முன்கூடையின் பூக்களை லாரி ஓட்டுநர் பார்க்கப் போவதில்லை; இந்தச் சிவப்பு வில்லையைத்தான் பார்ப்பார்.

இவை முடிந்த பின்னரே செயினும் பல்சக்கரமும். செயின் ‘இழுத்துவிட்டது’ என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடவில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. சைக்கிள் செயினில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடுவரை ½ அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். எனவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவுநாடாவைப் பிடித்துப் பாருங்கள். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரத்தின் பற்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அப்போது செலவு இரட்டிப்பாகும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. குளிர்ந்தால் அது உறைந்துவிடும் என்பதை மார்கழிக் காலையில் சீசாவைப் பார்த்தாலே அறியலாம். சைக்கிளுக்கு என்று விற்கும் எண்ணெயே நல்லது. அதையும் ஊசிகளில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வழியும் எண்ணெயில்தான் மணல் ஒட்டிக்கொள்கிறது. ரிம்மில் மட்டும் ஒரு சொட்டும் படக் கூடாது.

பல்சக்கரத்தில் நாம் பள்ளியில் கற்ற விகிதமும் உதவும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள வண்டியில் பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 2.44 முறை சுற்றும். 26 × 1⅜ டயரில் அது சுமார் 5 மீட்டர் தூரம். பின்னால் 20 பல் ஃப்ரீவீல் போட்டால் 2.2 முறைதான் சுற்றும். தூரம் சுமார் 4½ மீட்டராகக் குறையும். ஆனால் மிதிக்க வேண்டிய பலமும் பத்தில் ஒரு பங்கு குறையும். கடலிலிருந்து எதிர்க்காற்று வீசும்போதும், பாலத்தில் ஏறும்போதும், பத்தாம் வகுப்புப் புத்தக மூட்டையோடு வரும்போதும் இந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். நாம் பள்ளிக்கு வருகிறோமே தவிரப் பந்தயத்துக்குப் போகவில்லை. சற்றே பெரிய ஃப்ரீவீல் போட்டால் செயினின் நீளத்தையும் அதற்கேற்பச் சரிபார்க்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு சிறு குறிப்பு. இடது பக்கத்துப் பெடலின் மரை, மற்ற மரைகளுக்கு எதிர்த் திசையில் வெட்டப்பட்டது. அதைக் கழற்றக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலத்தோடு திருகினால் மேலும் இறுகத்தான் செய்யும். பலத்தைவிட அறிவே வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆகவே ‘பெண்களுக்குப் பலம் போதாது’ என்னும் வாதமும் இங்கு நிற்காது.

இந்தக் கருத்தைச் சொன்னதும் எழும் ஆட்சேபங்களை நாங்கள் அறிவோம். ‘கையெல்லாம் கிரீஸ் ஆகும்’ என்பார்கள் அன்னையர். ஆகும், சோப்பும் தேங்காய் நாரும் இருக்கின்றன. மீன் கழுவும் கை, அடுப்புக்கரி தேய்த்த கை, கிரீஸுக்கு மட்டும் கூசுவானேன்? உடலுழைப்பு இழிவன்று என்பதை நமக்குத் திருச்சபையே கற்பிக்கிறது. நாசரேத்தூரில் தச்சு வேலை செய்த புனித சூசையப்பரைத் தொழிலாளர்களின் பாதுகாவலராக மே மாதம் முதல் நாளில் கொண்டாடும்படி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தினார். அதே பாப்பரசர் 1949இல், இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே மலைமேல் கோவில்கொண்ட கிசல்லோ மாதாவைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்தச் சிற்றாலயத்தின் சுவர்களில் புகழ்பெற்ற வீரர்களின் சைக்கிள்கள் காணிக்கையாகத் தொங்குகின்றன. நாமும் புறப்படும்போது ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிப் புறப்படுவோம், நல்லதே. ஆனால் தளர்ந்த பிரேக்கை இறுக்கும் வேலையை மாதாவிடம் விட்டுவிடலாமா? அது நம் வேலையல்லவா!

‘பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் இது எதற்கு?’ என்பார்கள் சிலர். விடுமுறையில் ஒரு காலைப்பொழுது போதும். அந்த ஒரு காலை, சிறப்பு வகுப்புகளில் பல மாலைகளைக் காப்பாற்றும். அதோடு, உராய்வு, விகிதம், துருப்பிடித்தல் என்று நாம் நெட்டுருப் போடும் பாடங்களை எல்லாம் ஒரே வண்டியில் கண்ணால் காணலாம். இதுவும் படிப்புத்தானே?

‘கடைக்காரரின் பிழைப்பு என்னாவது?’ என்ற கேள்வியும் எழுந்தது. இது நியாயமான கேள்வி. எங்கள் விவாதத்தில் இதற்குத்தான் வெகுநேரம் ஆயிற்று. சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, புதிய ரிம்மில் ஸ்போக்ஸ் கோப்பது, அச்சின் கோனையும் பால்ரஸையும் மாற்றி ஓவராயில் செய்வது இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் கை பழகியவர்களின் கலை. அதற்கு நாம் அவர்களிடம் போகத்தான் வேண்டும். உரிய கூலியை மனமாரக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ‘அண்ணே, வண்டி ஓடவில்லை’ என்று நிற்பதற்கும், ‘அண்ணே, செயின் 1/8 அங்குலம் கூடியிருக்கிறது, ஃப்ரீவீலையும் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! தேர்ந்த தொழிலாளி எவரும் தம் தொழிலின் அருமை தெரிந்த வாடிக்கையாளரை வெறுக்க மாட்டார்.

எங்களைவிடச் சிறிய வகுப்புத் தங்கையர் இதை நன்கு கவனிக்க வேண்டும். பதினோராம் வகுப்புக்குப் போகும்போது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மாணவர்களுக்கு அரசே விலையில்லாச் சைக்கிள் வழங்குகிறது. 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பு மாணவியருக்காகத் தொடங்கிய இத்திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பல வீடுகளில் பெண்பிள்ளையின் பெயரில் வந்த முதல் வாகனம் அதுவே. இலவசமாக வந்ததுதானே என்று அதை மழையில் போட்டுவிட்டால் இரண்டு ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஆண்டுதோறும் ஒரு பாகத்தை மேலானதாக மாற்றிவந்தால், பள்ளி முடிந்து கல்லூரிக்கும் வேலைக்கும் நம்மைச் சுமந்துசெல்லும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி சேலைக்கு மட்டும் சொன்னதன்று, சைக்கிளுக்கும் பொருந்தும்.

ஆகையால் எங்கள் மதர் அவர்களிடமும் ஆசிரியைகளிடமும் பணிவுடன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, அரையாண்டுத் தேர்வு முடியும் நாளன்று பிற்பகல் சைக்கிள் கொட்டகையில் இரண்டு மணி நேரம் எங்களுக்கு அனுமதி வேண்டும். நன்கு தொழில் தெரிந்த ஒருவரை அழைத்து, பஞ்சர் ஒட்டுதல், பிரேக் கட்டை மாற்றுதல், செயினைச் சுத்தம் செய்தல் ஆகிய மூன்றை மட்டும் கற்றுத்தந்தால் போதும். இரண்டாவது, ஒரு காற்றடிக்கும் பம்பு, நான்கைந்து அளவு ஸ்பானர்கள், டயர் நெம்பும் லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான்கள் அடங்கிய பெட்டி ஒன்று கொட்டகையிலேயே இருக்க வேண்டும். அதன் பொறுப்பை வகுப்பு முறையில் நாங்களே ஏற்றுக்கொள்வோம். மூன்றாவது, சைக்கிள் கொட்டகையின் கூரையில் ஒழுகும் இடங்களை அடுத்த மழைக்கு முன் அடைத்துத் தர வேண்டும். நாங்கள் துடைத்து வைத்ததை மழை மீண்டும் நனைத்தால் எங்கள் உழைப்பு வீணாகுமல்லவா?

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் புதுத்துணி எடுத்துத் தருகிறீர்கள். இவ்வாண்டு அத்துடன் ஒரு ஜோடி பிரேக் கட்டையும் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும் வாங்கித் தாருங்கள். அவற்றைப் பொருத்தும்போது மகனைக் கூப்பிடாதீர்கள்; மகளைக் கூப்பிடுங்கள். மகன் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடிக்கட்டும். ஒருமுறை கை பழகிவிட்டால், இருட்டிய சாலையில் வண்டி நின்றபோது யார் வருவார் என்று வழிபார்த்து நிற்கமாட்டாள் உங்கள் மகள். கூடையிலிருந்து ஸ்பானரை எடுப்பாள். இறுக்க வேண்டியதை இறுக்குவாள். வீடு வந்து சேர்வாள்.

தோழியரே! சைக்கிள் ஓட்டும் உரிமையை நமக்கு முன் வந்த பெண்கள் ஏளனத்தையும் வசைமொழியையும் தாங்கிப் பெற்றுத் தந்தார்கள். அந்த உரிமையைப் பழுதின்றி வைத்துக்கொள்ளும் திறமையை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். விடுமுறை வருகிறது. மண்ணெண்ணெய், பழந்துணி, ஒரு ஸ்பானர் ஆகிய மூன்றையும் இன்றே எடுத்து வைப்போம்!